பெயரில்லாச் சிறுமி

1942ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். ஈரானின் வடபகுதியில் பிரித்தானியப் படைவீரர் சிலர் பாசறை அமைத்துத் தங்கியிருந்தனர். அவ்வழியே ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுடைய சிறுமி ஒருத்தி தனியே நடந்து வந்தாள். போரினால் வீடிழந்தவள்; பெற்றோரோ உற்றாரோ உடன் இல்லை. மரத்துண்டு ஒன்றில் ஆணியைப் பிணைத்து, அதனையே படைக்கலமாகக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். வீரர்கள் அவளுக்கு உணவளித்தனர். உண்டு முடித்தவள் பாத்திரங்களைத் தூய்மை செய்து திருப்பிக் கொடுத்தாள். பின்பு ஒரு புன்னகையை மட்டும் தந்துவிட்டுத் தன் வழியே நடந்தாள். அவள் பெயரை எவரும் அறியார்.

அவ்வீரர்களுள் ஒருவர் பீட்டர் ஓ'டானல். பிற்காலத்தில் எழுத்தாளரான அவர், வீரமிக்க கதைத்தலைவி ஒருத்தியைப் படைக்க எண்ணியபோது அச்சிறுமியே நினைவில் எழுந்தாள். அவ்வாறு பிறந்தவளே மாடஸ்டி பிளைசி. 1963இல் லண்டன் நாளிதழ் ஒன்றில் படக்கதையாகத் தோன்றிய இவள், 1965 முதல் 1996 வரை வெளிவந்த 13 நூல்களிலும் உலா வந்தாள்.

கதையிலும் அவள் ஊரும் பேரும் அற்ற ஏதிலியே. வழியில் லோப் என்னும் முதிய அறிஞரைக் காண்கிறாள். அவரும் நாடிழந்தவர். சிறுமி முதியவரைக் காக்கிறாள். முதியவர் சிறுமிக்குப் பல மொழிகளைக் கற்பிக்கிறார். ‘அடக்கம்’ எனப் பொருள்படும் மாடஸ்டி என்னும் பெயரைச் சூட்டியவரும் அவரே. வளர்ந்தபின் அவள் குற்றக் கும்பல் ஒன்றுக்குத் தலைவியாகிறாள். பின்னர் அவ்வழியைக் கைவிட்டு, தீயோரை எதிர்த்து நிற்கிறாள். கத்தி வீச்சில் வல்ல வில்லி கார்வின் அவளுடைய உற்ற துணைவன். அவன் அவளை ‘இளவரசி’ என்றே அழைப்பான்.

தமிழிலும் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி முதலிய துப்பறியும் இணையர் உண்டு. அவ்விணைகளில் ஆணின் பெயர் முன்னே நிற்கும். மாடஸ்டியின் கதையிலோ பெண்ணே தலைவி. ஆண் அவள் சொற்கேட்டு நடப்பவன்.

1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் தன் முதல் இதழை வெளியிட்டபோது, அதன் கதைத்தலைவியாக வந்தவள் மாடஸ்டியே. அன்று முதல் அந்த ஏதிலிப் பெண் தமிழும் பேசலானாள்.

பெங்களூரில் காக்ஸ் டவுனை அடுத்துள்ள ஜீவனஹள்ளியில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. 1809இல் இந்நகரில் ஆங்கிலேயர் கண்டோன்மென்ட் அமைத்தபின், சென்னை மாகாணத் தமிழர் பெருமளவில் இங்குக் குடியேறினர். தொழில் தேடி வருவோர் இன்றும் உளர். இவர்தம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், வகுப்பில் ஆங்கிலமும் இந்தியும் பேசுகின்றனர். நான்கு மொழிகளை நாவில் உடைய இப்பிள்ளைகளுட் சிலருக்குத் தமிழ் எழுத்து மட்டும் அயலாகவே நின்றுவிடுகிறது. செவி அறிந்த மொழியைக் கண் அறியவில்லை.

இத்தகையோருக்குப் படக்கதை நல்லதொரு படிக்கட்டு. அடுத்து என்ன நிகழும் என்னும் ஆவல், எழுத்துக்கூட்டிப் படிக்கும் களைப்பை மறக்கச் செய்யும். படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பெயர்த்தி உரக்கப் படித்துக் காட்டலாம். பெயர்த்திக்கு விளங்காத சொல்லுக்குப் பாட்டி பொருள் கூறலாம். லோப்பும் அச்சிறுமியும் வழிநெடுகச் செய்துகொண்ட கொடுக்கல் வாங்கலும் இத்தகையதே.

சிந்தித்து எழுதுக:
1. உணவுண்ட சிறுமி பாத்திரங்களைத் தூய்மை செய்து கொடுத்தது அவளுடைய எப்பண்பைக் காட்டுகிறது?
2. உன் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, நீ இதுவரை அறியாத ஐந்து தமிழ்ச் சொற்களைப் பொருளுடன் எழுதுக.