வாயிற்காவல்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய என்னிடமிருந்து இலக்கியக் கட்டுரையையே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். நானும் அவ்வாறே எழுத எண்ணி ஏட்டை விரித்தேன். ஆயின், சில ஆண்டுகளாக நெஞ்சிலே உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு பிழை எழுதுகோலை வேறு வழியிலே இழுத்துச் சென்றது. மாணாக்கனின் பிழையைத் திருத்துவது ஆசிரியன் தொழில். என் பிழையை என் மாணாக்கன் ஒருவன் திருத்திய வரலாறு இது. இருவரும் இக் கல்லூரியிலே வளர்ந்தவர்களாதலின், இதனைச் சொல்லுதற்கு இம் மலரினும் ஏற்ற இடம் வேறில்லை.

நான் மாணவனாயிருந்த காலத்தில், காலையில் இரண்டாம் மணி அடித்ததும் கல்லூரியின் முன்வாயில் சாத்தப்படும். பிந்தி வருவோர் வாயிற்காவலரிடம் பெயரும் வகுப்பும் சொல்லி, அவர் உள்ளே சென்று கேட்டு வரும்வரை வெயிலிலே நிற்றல் வேண்டும். மூன்று மைல் சைக்கிள் மிதித்து வந்தவனுக்கு அது பெரும் அவமதிப்பாகத் தோன்றும். 'எங்கள் கல்லூரிக்குள் நாங்கள் போக, இவர் யார் தடுக்க?' என்று முணுமுணுத்தவர்களுள் நானும் ஒருவன். அந்த முணுமுணுப்பு நாற்பது வயது கடந்தும் என்னை விட்டு நீங்கவில்லை என்பதை 2020 ஆம் ஆண்டிலேதான் அறிந்தேன்.

அதற்கு முந்திய ஆண்டில், பாடநூல்களைப் பதிப்பிக்கும் கொழும்பு அலுவலகம் ஒன்றுக்கு நான் இணைப்பிலே சென்றிருந்தேன். தமிழ்ப் பிரிவின் படிகளைச் செப்பனிடுவது என் பொறுப்பு. அவ்வலுவலகத்தில் கடிதப் போக்குவரத்துக்கு ஒரு சேவையகமும், உடனடிச் செய்திக்கும் கூட்டங்களுக்கும் மற்றொரு சேவையகமும் இருந்தன. முன்னையது எக்ஸ்சேஞ்ச், பின்னையது ஸ்கைப் ஃபோர் பிஸ்னஸ் 2015. இரண்டும் கட்டடத்தினுள்ளே இருப்போர்க்கு மாத்திரமே பயன்பட்டன. அவற்றைப் பராமரிக்கப் புதிதாக நியமனம் பெற்று வந்த இளைஞன் யாரென்று பார்த்தால், பத்தாண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழ் படித்தவன்! என்னைக் கண்டதும் இருக்கையை விட்டு எழுந்து நின்றான். எனக்கு உண்டான பெருமை சொல்லுந் தரமன்று. அப்பெருமையே பின்னர்ப் பிழைக்கு வித்தாயிற்று.

2020 மார்ச் 20 ஆந் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் அமுலாயிற்று. நான் யாழ்ப்பாணத்து வீட்டிலே அடைபட்டேன். ஏனையோர் மட்டக்களப்பிலும் வவுனியாவிலும் மலையகத்திலுமாகச் சிதறியிருந்தனர். படிகளோ கொழும்பிலே கிடந்தன. அச்சுக்குக் கொடுக்கும் நாளோ நெருங்கியது. வெளியிலிருந்து சேவையகங்களை அணுகுதற்கு வழி செய்யும்படி தலைவர் பணித்தார்; அதனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் என்னிடமே ஒப்படைத்தார்.

இளைஞனைத் தொலைபேசியில் அழைத்தேன். "சேர், இரண்டு கிழமை தாருங்கள். நடுவிலே ஒரு நுழைவாயில் அமைத்துத்தான் வெளியே விடவேண்டும்" என்றான்.

"தம்பி, நேரே திறந்துவிட முடியாதா?"

"திறக்கலாம் சேர். ஆனால் திறந்தால் எல்லாருக்குந்தான் திறக்கும்."

"எங்கள் சிறிய அலுவலகத்தை உலகத்தில் யார் தேடி வரப் போகிறார்கள்? நாளைக்கே திறந்துவிடு. நான் சொன்னேன் என்று சொல்."

சிறிது நேரம் மறுமுனையில் ஓசையில்லை. பின், "சரி சேர்" என்றான். அவன் மறுக்கமாட்டான் என்பதை அறிந்துகொண்டே அதனைச் சொன்னேன். என் அறிவு அவனை வெல்லவில்லை. ஒரு காலத்தில் அவனுக்குப் பாடஞ் சொன்னேன் என்னும் உரிமையே வென்றது.

'யார் தேடி வருவார்?' என்ற என் வினா எத்துணைப் பேதைமையுடையது என்பதைப் பின்னரே உணர்ந்தேன். இணையத்திலே தேடிவருபவை மனிதர் அல்ல, பொறிகள். 2013 ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இசட்மாப் என்னும் செயலி ஒன்றை ஆராய்ச்சிக்கென உருவாக்கினர். நானூறு கோடிக்கு மேற்பட்ட பழைய முறை இணைய முகவரிகள் முழுவதிலும் குறித்த ஓர் இலக்கத் துறை திறந்திருக்கின்றதா என்பதை, ஒரே கணினியைக் கொண்டு முக்கால் மணி நேரத்துள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று அதனாற் காட்டினர். தெருவிலே போகின்றவன் ஒவ்வொரு படலையையும் அசைத்துப் பார்ப்பது போன்றது அது. சிறு வீடு, பெரு வீடு என்ற வேறுபாடு அவனுக்கு இல்லை.

மறுநாளே 443 ஆம் இலக்கத் துறை திறக்கப்பட்டது. அனைவரும் வீட்டிலிருந்தே வேலை செய்தோம். தலைவர் என்னைப் பாராட்டினார். மூன்றாம் வாரத்திலே ஒரு நாட் காலையில், அலுவலகத்தார் பலருடைய கணக்குகள் தாமே பூட்டிக்கொண்டன. எவனோ ஒருவன் பெயர் பெயராகக் கடவுச்சொற்களை ஊகித்து இட்டுப் பார்த்திருக்கின்றான். பல கணக்குகள் பூட்டிக்கொண்டு தப்பின. ஒன்று மாத்திரம் திறந்துகொண்டது. அது என்னுடையது. என் கடவுச்சொல் என் ஊர்ப் பெயரும் நான் பிறந்த ஆண்டுமேயாம்.

அவன் என் படிகளைத் தீண்டவில்லை; என் பெயரைத் தீண்டினான். 'திருத்திய அத்தியாயம் இணைக்கப்பட்டுள்ளது. பார்வையிடுக' என்று என் பெயரால் எல்லார்க்கும் கடிதம் சென்றது. இணைப்பைத் திறந்தால் மீண்டும் கடவுச்சொல் கேட்கும் ஒரு போலிப் பக்கம் தோன்றும். ஓய்வுபெற ஒரு வருடமே இருந்த மூத்த ஆசிரியை ஒருவர் அதிலே தம் கடவுச்சொல்லை இட்டுவிட்டார். அவர் கணக்கிலிருந்தும் கடிதங்கள் பரந்தன. அழைத்துப் பேசியபோது அவர் கூறிய சொல்லை நான் மறக்கவில்லை: "தம்பி, நீங்கள் அனுப்பினது எண்டபடியால்தான் திறந்தனான்."

என்மீது பிறர் கொண்ட நம்பிக்கையே கள்வனுக்குத் திறவுகோலாயிற்று. இருபது வருட ஆசிரியப் பணியிலே ஈட்டிய பொருள் அஃதொன்றுதான். அதனை நானே வாசலில் வைத்துவிட்டு உறங்கியிருந்தேன்.

தலைவர் விசாரணை நடத்தினார். நேரே திறந்தது ஏன் என்று கேட்டபோது, "அது என் தவறு" என்று இளைஞன் கூறிவிட்டான். என் பெயரை அவன் எடுக்கவேயில்லை. நான் அக் கூட்டத்திலே இருந்தேன், வாய் திறக்கவில்லை. இரண்டு நாட்கள் அவ்வாறே இருந்தேன். மூன்றாம் நாள் தலைவரை அழைத்து, அவன் வேண்டாமென்றதும் நான் வற்புறுத்தியதும் ஆகிய அனைத்தையும் சொன்னேன். அவ்விரண்டு நாட்களே இக்கட்டுரை எழுதப்படுதற்குக் காரணம்.

நேரடி வழி அன்றே அடைக்கப்பட்டது. எல்லாரும் கடவுச்சொற்களை மாற்றினோம். அதன்பின் அவன் கேட்டிருந்த இரண்டு கிழமையும் கொடுக்கப்பட்டது. நுழைவாயிலை அமைத்து முடித்தபின், அதன் இயல்பை எனக்கு விளக்குமாறு கேட்டேன். "சேர், நீங்கள் படிப்பித்த வழக்குரை காதைதான்" என்றான். நான் திகைத்தேன். அவன் விளக்கியதை என் நடையிலே தருகின்றேன்.

கண்ணகி பாண்டியன் அரண்மனை வாயிலை அடைகின்றாள். நேரே உட்புகுந்தாளில்லை. வாயிலோனிடம் தன் வரவைச் சொல்கின்றாள். அவன் அவளை அங்கேயே நிறுத்தி, உள்ளே சென்று, தான் கண்டதை மன்னனுக்கு உரைத்து, அவன் ஆணை பெற்று மீண்டு வந்து அழைத்துச் செல்கின்றான். நுழைவாயிற் கணினியின் தொழிலும் இதுவே. அது நிற்கும் இடம் வெளியுலகமும் அன்று, உள்ளகமும் அன்று. இரண்டு தீச்சுவர்களுக்கு இடையேயுள்ள எல்லை வலயம். வெளியார் தொடுக்கும் மறைகுறியிட்ட இணைப்பு அவ்வாயிலோடு முடிந்துவிடுகின்றது. வாயில் அதனைப் பிரித்து நோக்கி, தகுமாயின் தானே புதியதோர் இணைப்பை உள்ளே தொடுத்து, விடையைக் கொண்டுவந்து கொடுக்கின்றது. வந்தவன் சேவையகத்தை நேரே தொடுவதேயில்லை. வாயிலிடத்தில் ஒரு கடிதமும் சேமித்து வைக்கப்படாமையால், அதனை எவரேனும் கைப்பற்றினும் அங்கே கொள்ளையிடுதற்குக் கடிதம் இராது.

கடிதச் சேவையகத்துக்கு வருவோரை வாயிலே முதலில் 'நீ யார்?' என்று வினவும். கடவுச்சொல்லோடு, கைத்தொலைபேசியிலே முப்பது விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறிலக்க எண்ணையும் கேட்கும். பிழையான சொற்களைத் தொடர்ந்து இடுவோர்க்கு வெளிவாயில் மாத்திரம் பூட்டிக்கொள்ளும். உள்ளே உரிய கணக்குப் பூட்டாது. ஆகவே, அலுவலகத்தினுள்ளே இருப்பவரின் வேலை கள்வனால் தடைப்படாது. கடித வாசிப்புப் பக்கம் வெளியே விடப்பட்டது; நிருவாகப் பக்கமோ வெளியுலகுக்குக் காட்டப்படவேயில்லை. வேண்டியவற்றை மாத்திரம் பெயர் குறித்து அனுமதித்து, ஏனைய அனைத்தையும் மறுப்பது அதன் விதி.

கூட்டச் சேவையகத்துக்கு ஒரு வாயில் போதாது. கூட்டப் பக்கங்களை வாயிற் கணினி 443 இலே ஏற்று, உள்ளே 4443 ஆம் இலக்கத் துறைக்கு அனுப்பும். குரலும் படமும் செய்தியும் அவ்வழியே செல்லா. அவற்றுக்கென எட்ஜ் என்னும் வேறொரு சேவையகம் வேண்டும். அதற்கு வலையட்டைகள் இரண்டு: ஒன்று வெளிமுகம், மற்றது உள்முகம். கோயிலிலே அடியார் வரும் வாயில் ஒன்றும் தேர் புறப்படும் வாயில் ஒன்றுமாக இருப்பதில்லையா என்றான்.

இத்தகைய வாயில்களுக்கும் முதுமை உண்டு. ஒரு காலத்தில் இவ்வேலைக்குப் பல அலுவலகங்கள் பயன்படுத்திய மைக்ரோசொஃப்டின் ஃபோர்ஃபிரண்ட் டி.எம்.ஜி. 2010 என்னும் செயலிக்கான ஆதரவு 2020 ஏப்பிரல் 14 உடன் முடிந்தது. நாங்கள் ஊரடங்கில் இருந்த காலமே அது. திருத்தம் வராத வாயில், காவலன் இறந்துபோன வாயிலை ஒக்கும். ஆதலால் அவன் அதனை நாடாது, விண்டோஸ் சேர்வரில் அடங்கிய புதிய பதிலாளையே அமைத்தான்.

அவ்வாயிலின் பயனை மறு வருடமே கண்டோம். 2021 மார்ச் 2 ஆந் திகதி, எக்ஸ்சேஞ்ச் சேவையகங்களிலுள்ள பெருங் குறைகளுக்கு அவசரத் திருத்தங்கள் வெளியாயின. புறொக்சிலொகன் என்று பெயர் பெற்ற அக்குறையினால், கடவுச்சொல் எதுவுமின்றியே ஒருவன் உட்புக முடியும். இணையத்துக்கு நேரே திறந்திருந்த பல்லாயிரஞ் சேவையகங்கள் உலகெங்கும் ஊறுபட்டன. எங்கள் வாயிலின் பதிவேட்டிலும் தட்டிப் பார்த்தோரின் தடங்கள் இருந்தன, உள்ளே செல்லவில்லை. "நாம் தப்பினோம் அல்லவா? இனி உறங்கு தம்பி" என்றேன். "வாயிலில் ஆள் நிற்கிறார் என்று உள்வீட்டைப் பூட்டாமல் விடலாமா சேர்?" என்று சொல்லி, அன்றிரவே திருத்தங்களை இட்டு, ஊறு எதுவும் உண்டோ என விடியும்வரை தேடினான். இம்முறை நான் குறுக்கிடவில்லை.

வாயில் என்றதும் மற்றொன்றையும் மறத்தலாகாது. பிறப்பைக் கேட்டு மனிதரை மறித்த வாயில்கள் நம் நாட்டிலே இருந்தன. அவற்றை நினைந்து வாயில் என்ற சொல்லையே வெறுப்போரும் உளர். அவர் வெறுப்பு நியாயமானதே. ஆனால் நல்ல வாயில் கேட்பது பிறப்பையன்று, உரிமையை. கண்ணகி எளியவள், அயல்நாட்டாள், சினத்தோடு வந்தவள். ஆயினும் அவ்வாயில் அவளை உள்ளே விட்டது. உரியவரை உள்ளே விடுதற்காகவே வாயில் உள்ளது. வாயில் வேண்டாதது மதில் மாத்திரமே. ஊரடங்கிலே எங்களை ஒன்றுசேர்த்தது நான் அவசரமாய்த் திறந்த வழியன்று. அவன் பொறுமையாய் அமைத்த வாயிலே.

2022 இல் நான் மீண்டும் இக்கல்லூரிக்குக் கற்பிக்க வந்தேன். அக் கூட்டச் செயலிக்கும் 2025 ஒக்டோபர் 14 உடன் ஆதரவு முடிந்துவிட்டது. பொறிகள் மாறும், பெயர்கள் மாறும். வழக்குரை காதை கற்பிக்கும்பொழுது மாணவர் மன்னனையும் கண்ணகியையுமே நோக்குவர். நான் அவர்களை வாயிலோனிடம் சிறிது நேரம் நிறுத்துகின்றேன். கண்டதைக் கண்டபடி உரைத்தவன் அவன், அஞ்சி மறைத்தானில்லை. இரண்டு நாட்கள் வாய் மூடியிருந்தவனுக்கு அவனிடம் கற்க வேண்டியது நிரம்ப உண்டு.

இக்காலத்தும் நம் கல்லூரி வாயில் இரண்டாம் மணிக்குச் சாத்தப்படுகின்றது. சென்ற மாதம் ஒருநாள் நான் பிந்தி வந்தேன். காவலர் என்னை அறிவார். ஆயினும் பதிவேட்டை நீட்டினார். சைக்கிளை நிறுத்தி, பெயரும் நேரமும் எழுதிக் கையொப்பமிட்டேன். உள்ளத்திலே முணுமுணுப்பு எழவில்லை.

இவ்வாயிலினூடே வந்து சென்ற பழைய மாணவர் அனைவரும், இனி வரவிருக்கும் இளைஞரும் நலம் பெறுக. நம் கல்லூரித் தாய் நீடு வாழ்க!