செல்ஃப் எடுக்கவில்லை!

மனிதனுக்கு ஜலதோஷம் வந்தால் தெருவில் உள்ளவர்கள் எல்லோரும் வைத்தியர்களாகிவிடுவார்கள். கார் கிளம்பாவிட்டால் எல்லோரும் மெக்கானிக்குகளாகிவிடுவார்கள். வித்தியாசம் ஒன்றுதான். ஜலதோஷத்துக்கு ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள், காருக்கு அத்தனை பேரும் ஒரே மருந்துதான் சொல்வார்கள்: "பாட்டரி போச்சு, புதுசு வாங்கிப் போடுங்க!"

குற்றவாளிக் கூண்டில் நிற்கும் அந்தப் பாட்டரிக்காகப் பேச யாருமில்லை. ஆகவே நான் இரண்டு வார்த்தை பேசுகிறேன்.

வத்தலக்குண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது சேவுகம்பட்டி. தை மாதத்தில் அங்கே அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறைவிடும் திருவிழா நடக்கும். வேண்டுதல் பலித்தவர்கள் பழங்களை வாரி இறைப்பார்கள். மற்றவர்கள் பிரசாதமாகப் பொறுக்கிக்கொள்வார்கள். வெளியூரில் பிழைக்கப் போன பிள்ளைகள் காரில் வந்து இறங்குவார்கள். என்ஜினை நிறுத்திவிட்டுக் கார்க் கதவைத் திறந்துவைத்து இரவெல்லாம் பாட்டுக் கேட்பார்கள். மறுநாள் காலை இரண்டொரு கார்கள் மௌன விரதம் பூண்டுவிடும். அதில் ஆச்சரியமில்லை, அது பாட்டரியைப் பட்டினி போட்ட பாவம்.

ஆனால் சென்ற தையில் என் மாமாவின் காரும் மௌனமானது. யாரும் அதில் பாட்டுக் கேட்கவில்லை. மாமாவின் மகளுக்கு அப்போது நிறைமாதம். "108-ஐக் கூப்பிட்டா வரும்தான், இருந்தாலும் நம்ம வாசல்லே ஒரு வண்டி தயாரா நிக்கட்டும்" என்பது அத்தையின் கட்டளை. அதற்காகத் தினமும் காலையில் சாவியைத் திருப்பிப் பார்ப்பார் மாமா. அன்று 'டிக் டிக்' என்ற சத்தத்தோடு சரி.

தெரு கூடித் தீர்ப்புச் சொல்லிற்று. மாமா பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அத்தைதான் வாசலில் மறித்தாள்.

"நாடி பிடிச்சுப் பார்க்காம மருந்து வாங்குவாங்களா? முதல்லே எலெக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டுங்க."

வத்தலக்குண்டிலிருந்து தம்பி வந்தார். "ஹெட்லைட்டைப் போட்டுட்டுச் சாவியைத் திருப்புங்க, ஐயா" என்றார். விளக்கு அடியோடு அணைந்தது. "நாங்க சொல்லலே?" என்றது தெரு.

அவர் பதில் பேசாமல் மீட்டரை எடுத்துப் பாட்டரியின் ஈயக் குமிழ்கள் இரண்டிலும் வைத்தார். 12.6 வோல்ட்! மறுபடி சாவியைத் திருப்பச் சொல்லி, குமிழின் மேல் மாட்டியிருந்த கிளாம்பில் வைத்தார். 3 வோல்ட்.

"பாட்டரி கொடுக்குது, ஐயா. வண்டிக்குப் போய்ச் சேரலே" என்றார்.

கிளாம்பைக் கழற்றினால் உள்ளே வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. அத்தையிடம் ஆப்பச் சோடா வாங்கி வெந்நீரில் கரைத்துத் தேய்த்துக் கழுவினார். துடைத்து முடுக்கி வாஸலைன் தடவினார். சாவியைத் திருப்பியதும் கார் கனைத்துக்கொண்டு எழுந்தது. நாலாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அந்தக் கார் முதல் திருப்பிலேயே கிளம்பி வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. பெண் குழந்தை. தாயும் சேயும் சௌக்கியம்.

காருக்கும் நாடி உண்டு. காது கொடுத்தால் போதும். 'டிக் டிக்' என்று அடித்து விளக்கும் மங்கினால், பாட்டரி பலவீனமாயிருக்கலாம், கிளாம்பும் கெட்டிருக்கலாம். 'டக்' என்று ஒரே சத்தம், விளக்கோ பிரகாசம் என்றால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும். சத்தமே இல்லை, விளக்கு நன்றாக எரிகிறது என்றால் பியூஸையும் ரிலேயையும் பாருங்கள். என்ஜின் சுறுசுறுப்பாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லையானால் பாட்டரி நிரபராதி. ஓடுகிற காரில் மீட்டர் வைத்தால் ஏறக்குறைய 14 வோல்ட் காட்ட வேண்டும். 12-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. எத்தனை புதுப் பாட்டரி போட்டாலும் அதையும் வறட்டிவிடும்.

அந்தக் காலத்தில் காரைக் கிளப்பக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். அது திருப்பி உதைத்துக் கை முறிந்தவர்கள் உண்டு. 1912-ல் காடிலாக் காரில் கெட்டரிங் என்பவரின் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான் அந்த ஆபத்து குறைந்தது. நம் அம்பாஸிடர் காரில் வெகு காலம் கைப்பிடி போட வழி இருந்தது. இன்றைய கார்களில் அதுவும் இல்லை. ஆகவே முன்னேற்பாடு நம்முடையதுதான்.

நம் சமவெளி வெயில் பாட்டரிக்குப் பெரிய எதிரி. நீர் ஊற்றும் வகையானால் மாதம் ஒரு முறை திறந்து பார்த்து டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் விடுங்கள். ஓய்ந்திருக்கும் பாட்டரி 12.6 காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது. 12-க்கு வந்தால் பசி. சும்மா நிற்கும் காரை வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். கிளாம்பைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது அது கடைசியில்.

டிக்கியில் ஜம்பர் கேபிள் ஒரு ஜோடி இருக்கட்டும். சிவப்பை முதலில் செத்த பாட்டரியின் பாஸிட்டிவில் மாட்டி, மறுமுனையை நல்ல பாட்டரியின் பாஸிட்டிவில் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பாட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையைக் கிளம்பாத காரின் என்ஜின் இரும்பில் பிடியுங்கள். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி வேண்டாம். தள்ளிக் கிளப்பும் வித்தை கியர் போடும் கார்களுக்கு மட்டுமே. ஆட்டோமேட்டிக் காரைக் கோடைக்கானல் வரை தள்ளினாலும் கிளம்பாது.

கடைசியாக ஒன்று. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்குப் பாட்டரி வேண்டாம். ரிமோட் பூட்டுப் போட்ட காருக்கு வேண்டும். பாட்டரி செத்தால் கதவே திறக்காது. அதற்காகவே பெரும்பாலான ரிமோட்டுகளுக்குள் ஓர் இரும்புச் சாவியை ஒளித்து வைத்திருக்கிறார்கள். அது எங்கே இருக்கிறது, எந்தத் துவாரத்தில் போகும் என்பதை இன்றைக்கே வெளிச்சத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.