மூவிடம்

தமிழ்த்துறை மலருக்கு இலக்கணக் கட்டுரை ஒன்றையே எழுதித் தருவதாக இருந்தேன். எழுத அமர்ந்தபோது, தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடங்களையும் என் மகன் எனக்குக் கற்பித்த வரலாறே முன்வந்து நின்றது. அதனையே எழுதுகின்றேன், கட்டுரை கேட்ட மாணவர்கள் பொறுத்தருள்க.

இரண்டு வயது நிறைந்தும் அவனுக்குப் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பான். ஆயினும் அடுக்களையில் பிஸ்கட் உறை சலசலத்தால் மாடியிலிருந்து ஓடி வருவான். வேண்டும் பொருளை விரல் நீட்டிக் காட்ட அறியான். தாயின் கையைப் பற்றி இழுத்துச் சென்று அதன்மேல் வைப்பான். விருந்தினர் வந்தால் வாசலில் கிடக்கும் செருப்புகளை ஒரே வரிசையில் அடுக்குவான். அவ்வரிசை கலைந்தால் தேற்ற முடியாத அழுகை. இவற்றையெல்லாம் முதலில் கவனித்தவள் என் மனைவி. "நம் குடும்பத்தில் ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள்" என்று சொல்லி அவள் வாயை அடைத்தவன் நான். அவ்வாறு ஓராண்டு கழிந்தது. அந்த ஓராண்டு இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது.

மருத்துவர் 'ஆட்டிசம்' என்று சொன்ன நாளில் நான் கேட்ட முதல் வினா, "இது யாரால் வந்தது?" என்பதே. வீட்டிலும் அதே வினாதான். வேலைக்குச் செல்லும் தாயைச் சிலர் பழித்தனர். அவர்களுள் என் தாயாரும் ஒருவர். இப்பழி புதியதன்று என்பதைப் பின்னரே படித்தறிந்தேன். 1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளை ஆராய்ந்து இந்நிலையை விரித்தெழுதினார். அதன்பின் நெடுங்காலம், அன்பில்லாத தாய்மாரே இதற்குக் காரணம் என்னும் கருத்து மேலைநாடுகளில் செல்வாக்குடன் இருந்தது. 1964இல் பெர்னார்டு ரிம்லாண்டு என்பவர் இது மூளையின் இயக்கத்தைச் சார்ந்தது என நூலெழுதி அதனை மறுத்தார். அவர் உளவியலறிஞர், இத்தகைய மகனைப் பெற்ற தந்தையுமாவார். மேலைநாட்டார் கைவிட்ட பழியை நாம் ஏன் நம் வீட்டுக் கூடத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டும்?

தடுப்பூசியால் வந்தது என்றார் வேறொருவர். அவ்வாறு ஐயம் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. இளையவளுக்கு உரிய ஊசிகளை உரிய காலத்தில் போட்டோம்.

முதலில் செவித்திறனைச் சோதிக்கச் சொன்னார்கள். பிஸ்கட் உறைக்கு ஓடி வருபவனுக்குச் செவிச்சோதனை எதற்கு என்று வாதிட்டேன். சில ஒலிகள் கேட்டுச் சில ஒலிகள் கேளாமற் போவதும் உண்டாம். செவியில் குறையில்லை என்று உறுதியான பின்னரே பேச்சுப் பயிற்சியாளரிடம் சென்றோம். மருந்து எழுதித் தருவார், மகன் பேசுவான் என்று எண்ணிச் சென்ற எங்களிடம், அந்த அம்மையார் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னார். "வாரத்தில் இரண்டு மணி நேரம் என்னிடம் இருப்பான், மற்ற நேரமெல்லாம் உங்களிடம். எதற்கு அழுகிறான், எதற்குச் சிரிக்கிறான் என்று எழுதி வாருங்கள்" என்றார். என் மனைவி ஓராண்டாகச் சொல்ல முயன்றதெல்லாம் அந்த நோட்டுப் புத்தகத்தில் ஏறிற்று. "ஆறே மாதத்தில் முற்றும் குணமாக்குவேன்" என்று பெருந்தொகை கேட்டவர்களிடமிருந்து எங்களைக் காத்ததும் அதுவே. அவன் எவ்வளவு மெதுவாக நகர்கின்றான், ஆயினும் நகர்கின்றான் என்பதை அது காட்டிக்கொண்டிருந்தது.

சான்றிதழ் பெறுவதற்கு நான் நெடுநாள் உடன்படவில்லை. பிள்ளையின்மேல் முத்திரை குத்துவதாகத் தோன்றியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் ஆட்டிசத்தையும் சேர்த்துள்ளது. பள்ளியில் சலுகை வேண்டி நிற்காமல் உரிமையோடு கேட்கவும், தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டைப் பெறவும் அந்தத் தாள் வேண்டும். மானம் பார்த்து அதிலும் சில மாதங்களை வீணாக்கினேன்.

நான்காம் வயதில் பேச்சு வந்தது. "உனக்குத் தண்ணீர் வேண்டுமா?" என்பான். தாகமோ அவனுக்கு! இலக்கணம் கற்பிப்பவன் சும்மா இருப்பேனா? "எனக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்" எனத் திருத்தினேன். "எனக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்" என்று அவனும் ஓரெழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னான்.

பயிற்சியாளர் சிரித்தார். "நீங்கள் தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம் கேட்ட வாக்கியம் அது. அதைச் சொன்னால் தண்ணீர் வரும் என்று அறிந்து வைத்திருக்கிறான். முதலில் தண்ணீரைக் கொடுங்கள். கொடுக்கும்போது, அவன் சொல்ல வேண்டியதை அவனாக நின்று நீங்கள் சொல்லுங்கள்" என்றார். கேட்ட இடப்பெயரை அப்படியே திருப்பிச் சொல்லும் இவ்வியல்பைக் கானரும் 1943இலேயே குறித்திருக்கின்றார். இருபதாண்டுகள் மூவிடம் நடத்திய நான், முன்னிலையில் ஒரு தன்மை மறைந்து நிற்கக் கூடும் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

சென்ற பெருநாளன்று உறவினர் பலர் கூடத்தில் அமர்ந்திருந்தனர். அவன் நேரே என் தாயாரிடம் சென்று, "உனக்குத் தண்ணீர் வேண்டுமா?" என்றான். "எவ்வளவு மரியாதையான பிள்ளை!" என்றார் ஒரு பெரியவர். என் தாயார் மறுமொழி கூறவில்லை. கைத்தடியை ஊன்றி எழுந்து சென்று ஒரு குவளை நீர் கொணர்ந்தார். அதனை அவன் கையில் கொடுத்து, அவன் முகத்தருகே குனிந்து, "எனக்குத் தண்ணி வேணும்" என்றார்.