வத்தக்குழம்பின் நிறம்

திங்கள்
பத்திரிகையிலிருந்து படம் திரும்பி வந்துவிட்டது. செய்முறையில் குறையில்லையாம், சுண்டைக்காய் வத்தக்குழம்புதான் சேறு மாதிரி இருக்கிறதாம். எடுத்துப் பார்த்தேன். சேறுதான். அடுப்பில் அப்படியா இருந்தது? நல்லெண்ணெய் பிரிந்து, ஓரமெல்லாம் செம்பு நிறத்தில் மினுங்கியது. போனைத் திட்டிவிட்டுப் படுத்தேன்.

செவ்வாய்
கேமரா கடைக்காரர் 24 மெகாபிக்சலில் ஆரம்பித்து 45-ல் வந்து நின்றார். பத்திரிகையில் என் படத்துக்குக் கிடைப்பது 4 அங்குல அகலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றாலும் 1200-தான். மீதியை ஊறுகாயா போடுவது? யாரோ பயன்படுத்திய டிஎஸ்எல்ஆர் பாடி ஒன்று, 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று. போதும் என்று வந்துவிட்டேன்.

புதன்
புதுக் கேமராவிலும் அதே சேறு. கூடுதலாக, எவர்சில்வர் கிண்ணத்தில் டியூப் லைட் வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. அதன் கீழே நைட்டியில் நான்.

அந்த டியூப் லைட் வந்த பழைய எல்இடி பெட்டியைத் தேடி எடுத்தேன். 6500 கெல்வின்; நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கான சி.ஆர்.ஐ. 80. அந்த 80 என்பது வெளிறிய எட்டு நிறங்களை வைத்துப் போட்ட சராசரி. அடர் சிவப்பு அதில் சேர்த்தியே இல்லை; அதற்கு ஆர்9 என்று தனிக் கணக்கு, அதைப் பெட்டியில் அச்சடிக்கவில்லை. வரமிளகாயை நம்பிச் சமைக்கிற வீட்டுக்கு வேறென்ன கேடு வேண்டும்!

வியாழன்
டியூப் லைட்டை அணைத்தேன். வாஸ்து பார்த்துக் கட்டிய வீடு. அக்னி மூலையில் சமையலறை, கிழக்கே ஜன்னல். ஏழரை மணி வெயில் கத்தி மாதிரி இறங்கி, நிழலெல்லாம் கரியாகிவிட்டது. பத்தரைக்கு வெயில் ஜன்னலை விட்டு மேலேறியதும், மாமாவின் பழைய வேட்டியைக் கம்பியில் கட்டினேன். கிண்ணத்தை ஜன்னலோரம் வைத்து, ஜன்னலைப் பார்த்தபடி நின்றேன்.

எண்ணெய் எழுந்து வந்தது! அது கண்ணாடி மாதிரி; வெளிச்சம் எதிரே இருந்தால்தான் நம் பக்கம் திருப்பிக் காட்டும். இத்தனை நாள் வெளிச்சத்தை என் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு எடுத்திருக்கிறேன். கிண்ணத்தின் முன்பக்கம் இருண்டதற்கு, மிக்ஸி பெட்டியில் வந்த தெர்மாகோலைச் சாய்த்து வைத்தேன். எஃப் 1.8-ல் ஒரே ஒரு சுண்டைக்காய் மட்டும் தெளிவு, மற்றதெல்லாம் பஞ்சு. 5.6-க்கு மாற்றினால் ஷட்டர் 1/30 நொடிக்கு இறங்கி, கை நடுக்கமும் படத்தில் விழுந்தது. ட்ரைபாட் இல்லை. அரிசி டின் மேல் கேமராவை வைத்து, 2 நொடி டைமர் போட்டேன்.

வெள்ளி
அமாவாசை. இலை முழுவதையும் மேலிருந்து எடுக்க ஆசை. இலை இரண்டரை அடி. இந்த லென்ஸுக்கு அது அடங்க ஐந்தரை அடி உயரம் வேண்டும். முக்காலியில் ஏறினேன்.

“காக்காவுக்கு வைக்கிறதுக்கு முன்னாடி படமா? எறங்கும்மா கீழ” என்றார் அத்தை.

இறங்கினேன். படையல் முடிந்ததும், நின்ற இடத்திலேயே போனில் எடுத்தேன். அதன் அகல லென்ஸுக்கு இலை சுலபமாக அடங்கியது. திங்கட்கிழமை அதைத் திட்டியது அநியாயம்.

சனி
வியாழக்கிழமை படத்தைக் கணினியில் திறந்து, வெயில் சாயல் வரட்டும் என்று கொஞ்சம் சூடேற்றினேன். அழகாக இருந்தது. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“நம்ம குழம்பு இம்புட்டுச் சிவப்பா இருக்காதே. மிளகாப்பொடிய அள்ளிக் கொட்டினியா?”

படத்தில் பக்கத்துத் தட்டில் இருந்த சோற்றைப் பார்த்தேன். மஞ்சள் பூத்திருந்தது. ரா கோப்பாக எடுத்திருந்தது நல்லதாயிற்று. 6200 கெல்வினிலிருந்து மெல்ல இறக்கிக்கொண்டே வந்தேன். 5300-ல் சோறு வெளுத்தது.

“ம், இதான்” என்று கண்ணாடியைக் கழற்றினார்.