ஒலிப்படுத்தின விசேஷம்

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயில்பவன் ஆண்டு மலருக்குக் கட்டுரை வரைந்தால், அது முல்லைப்பாட்டைப் பற்றியோ கம்பன் கண்ட குகனைப் பற்றியோ இருத்தல் முறை. யானோ பேய்களைப் பற்றி எழுதப் புகுந்தேன். பேய்க்கும் நம் இலக்கியத்தில் இடமுண்டென்பதைக் கலிங்கத்துப்பரணி பயின்றோர் அறிவர். அப்பேய்கள் கூழ் அட்டன. யான் கூறப்போகும் பேய்கள் மேடையேறி ராக் இசை முழக்குவன. வேற்றுமை அவ்வளவே.

பின்லாந்து நாட்டின் வடபால், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி, ரோவனியெமி என்றொரு நகர் உளது. கிறிஸ்மஸ் தாத்தாவின் சொந்த ஊர் தம்முடையதே என்று அந்நகரத்தார் உரிமை கொண்டாடுவர். அவ்வூரினராகிய ஒருவர் 1992ஆம் ஆண்டில் தொடங்கிய குழுவின் பெயர் ‘லோர்டி’. தலைவரின் மேடைப் பெயர் மிஸ்டர் லோர்டி. 2006ஆம் ஆண்டில் அவரோடு நின்றோர் நால்வர்: காளை முகத்தார் ஒருவர், துணி சுற்றிய எகிப்தியப் பிணம் ஒருவர், வேற்றுலக விலங்கு ஒருவர், இரத்தம் பருகும் சீமாட்டி ஒருத்தி. முகமூடிகளைத் தலைவரே தம் கையால் செய்கிறார். அவற்றை அணிந்து முடிக்க மணிக்கணக்காகும் என்பர். ஒரே கண்ணாடியின்முன் ஒரு மாடி முழுவதும் கூடி நிற்கும் நம் விடுதியின் காலைப்பொழுதை நினைவார்க்கு அப்பொறுமையின் அருமை விளங்கும்.

இவர்களுடைய மூன்றாம் இசைத்தொகுப்பு 2006இல் வெளிவந்த ‘தி அராக்கலிப்ஸ்’. வேதாகமத்தின் இறுதிப் புத்தகத்தின் ஆங்கிலப் பெயர்களுள் ஒன்றில் ‘ராக்’ என்னும் சொல்லைப் புகுத்திச் செய்த சிலேடை இது. தமிழில் ‘ஒலிப்படுத்தின விசேஷம்’ என்று யான் பெயர்த்தேன்; ஆசிரியர்கள் பொறுத்தருள்க. சிறப்புச் செய்தி அறிவிப்பொன்றுடன் தொகுப்புத் தொடங்குகிறது. அதன்பின் வருவன பதினொரு பாட்டுக்கள். ஒன்றின் தலைப்பு, ‘நரகத்தில் பனி பெய்கிறது’ என்னும் பொருளது. ஆண்டிற் பாதி பனியில் புதைந்து கிடக்கும் ஊரார்க்கு நரகமும் அவ்வாறு தோன்றியது போலும்! பாடுவோர் குரலோ, கிணற்று உருளைக்கு எண்ணெய் இடாமல் இழுத்தாற்போன்றது. ஆயினும் கேட்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் அச்சம் தீர்கிறது; பல்லவி இரண்டாம் முறை வரும்போது கால் தானே தாளமிடுகிறது; மூன்றாம் முறை, ஆலயத்தில் பழகிய கோரஸைப் போல வாயும் உடன் பாடுகிறது. கோரமெல்லாம் முகத்தில், இசையிலோ குழந்தையின் குதூகலமே உள்ளது.

தொகுப்பின் தலையாய பாட்டு ‘ஹார்ட் ராக் ஹல்லெலூயா’. யான் அதனைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மாலையில், ‘அல்லேலூயா’ என்னும் ஒரு சொல் மட்டும் அறைத்தோழன் செவியில் விழ, ‘நண்பன் மனந்திரும்பினான்’ என்று மகிழ்ந்தோடி வந்தான். கைப்பேசியிற் படத்தைக் கண்டான். வந்த விரைவினும் விரைவாய் மீண்டான். அவனைக் குறை கூறேன். இக்குழு சாத்தானைத் தொழுவதென்று ஐரோப்பாவிலேயே சிலர் பழித்தனர். ‘பிசாசு தோற்றவன்’ எனப் பொருள்படும் தலைப்பில் இவர்கள் 2002இலேயே ஒரு பாட்டு வெளியிட்டிருந்ததை அவர்கள் அறியார் போலும்.

நிற்க. பின்லாந்து 1961 முதல் யூரோவிஷன் என்னும் ஐரோப்பியப் பாட்டுப் போட்டியிற் கலந்து வந்தது. 1963, 1965, 1982 ஆகிய ஆண்டுகளில் அது பெற்ற புள்ளி பூச்சியம். 2006க்கு முன் அது எட்டிய மிக உயர்ந்த இடம், 1973இற் கிட்டிய ஆறாவது. கணக்குப் பாடத்தில் யான் பெற்ற எண்களை நினைந்து, அந்நாட்டின்மீது எனக்குத் தனியன்பு பிறந்தது. அழகிய முகங்கள் அடையாத வெற்றியை 2006 மே 20 அன்று ஏதென்ஸ் நகரில் இக்கோர முகங்கள் அடைந்தன. தலைவர் முதுகிலிருந்து சிறகுகள் விரிந்தன. 292 புள்ளிகள் குவிந்தன. இரண்டாம் இடம் பெற்ற ரஷ்யாவிற்கு 248. சில நாளில் ஹெல்சிங்கிச் சந்தைத் திடலிற் பல்லாயிரவர் கூடி அப்பேய்களை வாழ்த்தினர். நாட்டின் தலைவியாகிய டார்யா ஹாலோனனும் வந்து பாராட்டினார்.

ஈண்டு என் கதையும் சிறிது கூறல் வேண்டும். யான் சிறு பிராயம் முதல் திக்கிப் பேசுபவன். நேரிசை வெண்பாவும் என் வாயிற் புகுந்தால் கலிவெண்பாவாய் நீளும். சென்ற கிறிஸ்மஸ் நாடகத்தில் எனக்குத் தந்தது பேசாத காவலன் வேடம். ஏரோதாக நடிக்கவிருந்தவனுக்குக் காய்ச்சல் காணவே, ஒத்திகைகளில் உடனிருந்து வசனம் அறிந்த என் தலையில், காகிதக்கூழாற் செய்த ஏரோதின் முகமூடியைக் கவிழ்த்து மேடைக்குத் தள்ளிவிட்டனர். மூன்று பக்க வசனமும் ஓரிடத்தும் தடையின்றி ஓடிற்று! திரை விழுந்தது. முகமூடியைக் கழற்றினேன். “நன்று செய்தாய்” என்ற ஆசிரியர்க்கு ‘நன்றி’ என்று சொல்ல முயன்றேன். முதலெழுத்தே வாயைக் கடக்கவில்லை. அன்றிரவு உறக்கமில்லை. பேசியவன் ஏரோதே, யான் அல்லேன் என்றெண்ணிப் போர்வைக்குள் அழுதேன்.

அதன்பின் சில வாரங்கள் கழித்தே இத்தொகுப்பைக் கேட்டேன். பலமுறை கேட்டபின் ஒருநாள் மிக எளிய உண்மையொன்று புலப்பட்டது: முகமூடிக்குத் தொண்டை இல்லை. பாடுவது ரப்பர்ப் பூதம் அன்று. உள்ளிருந்து வியர்க்கும் மனிதரே. அவ்வாறாயின் அன்று பேசியவனும் யானே அன்றோ?

இன்னொன்று. அவ்வெற்றிக்குப்பின் பின்லாந்து இதழொன்று மிஸ்டர் லோர்டியின் முகமூடியற்ற படத்தை வெளியிட்டது. மக்கள் மகிழ்ந்தாரல்லர், சினந்தனர். இதழ் மன்னிப்புக் கேட்டது. உள்ளே ஒரு மனிதர் இருப்பதை எல்லாரும் அறிவர். அறிந்தும் எட்டிப் பாராதிருத்தலை மரியாதையாகக் கொண்டனர். என் வகுப்பு நண்பரும் அத்தகையோரே. யான் ஒரு சொல்லில் சிக்கி நிற்கும்போது அவர்கள் சாளரத்திற்கு வெளியே வேப்பமரத்தை நோக்குவர். சொல்லை முடித்துத் தர முந்தார். இந்நன்றியை நேரிற் கூறின் பொழுது சாயுமென்று இங்கு எழுதுகிறேன்.

அடுத்த பருவத்தில் தமிழ்ச் சங்கச் சொற்போருக்குப் பெயர் கொடுத்துள்ளேன். முகமூடி அணிதல் விதிக்குப் புறம்பென்று காரியதரிசி கண்டிப்பாய்க் கூறிவிட்டார். ஒவ்வொருவர்க்கும் ஐந்து நிமிடமாம். எனக்கு மட்டும் கலிவெண்பா அளவு வேண்டுமென்று விண்ணப்பித்திருக்கிறேன்.