கேரியர் முதலில், பெட்டி பிறகு

நெடுந்தூரப் பயணத்துக்கு மோட்டார் சைக்கிளில் பெட்டி பொருத்த நினைப்பவர் கடையில் முதலில் கேட்பது, எத்தனை லிட்டர் என்பதைத்தான். 45, 52, 58 என்று எடுத்துக் காட்டுவார்கள். முழு முக ஹெல்மெட் இரண்டு உள்ளே அடங்குமா என்று மூடியைத் திறந்து வைத்துப் பார்ப்பார்கள். பெட்டி முடிவான பிறகு, அதைத் தாங்கப்போகும் கேரியரைப் பற்றிய பேச்சு ‘உங்க வண்டிக்கு இது சரியா உட்காரும்’ என்பதோடு முடிந்துவிடும். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்கிறேன். கேரியர் வண்டியின் எந்த இடத்தில், எத்தனை போல்ட்டில், எவ்வளவு தாழ்வாக உட்காருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெட்டி அதன் பிறகுதான். அந்தப் பெட்டியும் மனம் கேட்பதைவிட ஓர் அளவு சின்னதாக இருக்க வேண்டும்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடைவெளி 1,465 மில்லிமீட்டர். பின் அச்சுக்கு 40 சென்டிமீட்டர் பின்னால் டாப் பாக்ஸில் 10 கிலோ வைத்தால் பின் சக்கரத்தில் 10 கிலோ ஏறுவதோடு கணக்கு முடியாது. பின் அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு வண்டி நெம்பப்படுகிறது. முன் சக்கரத்தில் கிட்டத்தட்ட 2.7 கிலோ குறைந்து, பின் சக்கரத்தில் 12.7 கிலோ கூடுகிறது. 2.7 கிலோ பெரிய விஷயமா என்று தோன்றலாம். நின்ற வண்டியில் பெரிய விஷயமில்லைதான். ஓடும் வண்டியில் வேறொரு கணக்கு குறுக்கே வருகிறது. வண்டியின் எடை மையத்திலிருந்து ஒரு பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் இருமடிப்படியே அது திரும்புவதற்குக் காட்டும் முரண்டு. அரை மீட்டர் தள்ளி இருக்கும் சுமையை ஒரு மீட்டருக்குத் தள்ளி வைத்தால் முரண்டு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. நெடுஞ்சாலையில் லாரியைக் கடக்கும்போது அடிக்கும் காற்றில் பின்பக்கம் ஆடத் தொடங்கி, நொடிக்கு இரண்டு மூன்று முறை இடமும் வலமுமாக வண்டி நெளியுமே, அந்த நெளிவு அடங்க நேரமாவது பெரும்பாலும் இதனால்தான். உயரமான பெட்டி காற்றையும் வாங்குவதால் நெளிவு இன்னும் மோசமாகிறது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் அடங்கிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. இறுக்கிப் பிடித்த கை அதைக் கூட்டவே செய்யும். கையைத் தளர்த்தி, ஆக்ஸிலரேட்டரை மெல்லக் குறைப்பதே வழி.

1978-இல் தொடங்கிய இத்தாலியின் கிவி நிறுவனம் இந்தத் தொழிலில் பெரிய பெயர். அதைத் தொடங்கிய ஜுசெப்பே விசென்ஸி மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். வேகத்தில் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நிறுவனம் தன் பெரிய டாப் பாக்ஸ்களுக்கே பொதுவாக 10 கிலோ என்ற எடை வரம்பும், மணிக்கு 120 கிலோமீட்டர் என்ற வேக வரம்பும் சொல்கிறது. ‘கம்பெனி தன் பாதுகாப்புக்குப் போட்டுக்கொண்ட எண்ணிக்கை அது, இருபது கிலோ வைத்தாலும் தாங்கும்’ என்பது வழக்கமான பதில். தாங்கும்தான், இன்று தாங்கும். கேரியர் ஒரே அடியில் உடைவது அபூர்வம். உலோகத்தை முறிப்பது திரும்பத் திரும்ப வரும் சின்னச் சின்ன வளைவு. பள்ளத்தில் பின்சக்கரம் தூக்கி அடிக்கிற கணத்தில் 10 கிலோ பெட்டி அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரத்தோடு கேரியரை அழுத்துகிறது. மோசமான சாலையில் ஒரு கிலோமீட்டருக்குள் அப்படி எத்தனை அடி! விரிசல் எப்போதும் வெல்டிங்கின் விளிம்பிலோ போல்ட் துளையிலோதான் தொடங்கும். முறிவதற்கு முன் அது அறிகுறி காட்டாமலும் இருப்பதில்லை. வாஷரைச் சுற்றிக் காவி நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருந்தால், அந்த மூட்டு தளர்ந்து இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அலுமினியமாக இருந்தால் அந்தத் தூள் கருப்பாக இருக்கும். பெயிண்டில் தலைமுடி போன்ற கோடும் அதன் ஓரமாகத் துருக்கசிவும் தெரிந்தால் விரிசல் விழுந்துவிட்டது. காலையில் கிளம்புமுன் ஒரு டார்ச்சும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் இவற்றைப் பார்த்துவிடலாம். பார்க்கிறவர்கள் குறைவு என்பதுதான் வருத்தம்.

நம் ஊரில் இதற்கு எதிராக எழும் வலுவான கேள்வி வேறு. ஓசூரிலிருந்து 1980-இல் டி.வி.எஸ். 50 வந்த நாளிலிருந்து மூட்டை மூட்டையாக அரிசியும் வாழைத்தாரும் கேஸ் சிலிண்டரும் அந்தச் சின்ன வண்டியில்தானே போகின்றன, அதற்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் அந்தச் சுமை எங்கே வைக்கப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மூட்டையில் ஒன்று ஓட்டுபவரின் காலுக்கு நடுவே, இரண்டு சக்கரத்துக்கும் இடையில், தரையை ஒட்டிக் கிடக்கிறது. பால்காரர் கேன்களைப் பின்சக்கரத்தின் இரு பக்கமும் அச்சை ஒட்டித் தாழ்வாகத் தொங்கவிடுகிறார். ஒரு பக்கம் காலியானால் மறுபக்கத்துக் கேனை மாற்றிப் போடுகிறார். போகிற வேகமும் நாற்பதைத் தாண்டாது. எந்தக் கையேட்டையும் படிக்காமல், எடை எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தொழிலிலேயே கண்டுகொண்டவர்கள் அவர்கள். அவர்களைச் சான்றுக்கு அழைத்தால் சாட்சி என் பக்கம்தான் வரும்.

அப்படியானால் சைடு பாக்ஸ் மாட்டினால் போதுமா? டாப் பாக்ஸைவிட நல்லது, சந்தேகமில்லை. ஆனால் அதற்கும் விலை உண்டு. 37 லிட்டர் அலுமினியப் பெட்டி ஒன்று காலியாகவே ஏறத்தாழ 5 கிலோ. இரண்டு பெட்டி, இரண்டு பக்கத்து இரும்புக் கேரியர் எல்லாம் சேர்த்தால், ஒரு சட்டையைக்கூட மடித்து வைப்பதற்கு முன்பே 15 கிலோ ஏறிவிடுகிறது. சைலன்சர் இருக்கும் பக்கம் பெட்டி வெளியே தள்ளி நிற்கும். கைப்பிடி நுழைந்த சந்தில் பின்பக்கம் இடித்து நிற்பது இதனால்தான். இரு பக்கக் கேரியரையும் நம்பர் பிளேட்டுக்குக் கீழே குறுக்காக இணைக்கும் ஸ்டே கம்பி இல்லாத கேரியரை வாங்கவே கூடாது என்பேன். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் இரண்டு பெட்டியும் சிறகு மாதிரி தனித்தனியே அடித்துக்கொண்டு சப்ஃபிரேமின் காதுகளைப் பிய்க்கும். கேரியர் இரும்புக் குழாயாக இருப்பதும் முக்கியம். முறிந்த இரும்பை எந்தச் சின்ன ஊர்ப் பட்டறையிலும் வெல்டிங் வைத்துவிடலாம். அலுமினியத்துக்கு அந்த வசதி கிடைக்காது.

மெத்தென்ற பைகளை விரும்புவோர் சொல்வது ஒன்று உண்டு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. கல்லும் மணலுமான பாதையில் சமநிலைக்காகக் காலை ஊன்றும்போது, முன்னோக்கி நகரும் சைடு பாக்ஸ் கெண்டைக்காலைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும். வண்டி சாய்ந்தால் கால் பெட்டிக்கும் தரைக்கும் இடையில் மாட்டும். எலும்பு முறிவுகள் இப்படி நேர்கின்றன. மண்பாதையே பயணத்தின் பெரும்பகுதி என்றால் பையே சரி. அங்கே என்னிடம் மறுப்பில்லை. ஆனால் நம்மில் பெரும்பாலோர் போவது தார்ச்சாலை. கன்னியாகுமரியிலிருந்து கிளம்பி வடக்கே போகிறவர் நாட்கணக்கில் என்.எச். 44-இல்தான் இருப்பார். மழை விடாமல் பெய்யும், சாப்பிட நிறுத்தும் இடத்தில் வண்டி கண்ணுக்கு மறைவாக நிற்கும், விடுதிக்காரர் தெருவில் நிறுத்தச் சொல்வார். ரப்பர் விளிம்பு இறுகிய மூடியும் ஒரு பூட்டும் அங்கே தரும் நிம்மதியைப் பை தராது. ஆகவே பெட்டியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

2020-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இருசக்கர வண்டியில் பொருத்தும் பெட்டிக்கு நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டர் என்று வரையறை சொன்னது. அளவுக்கு ஒரு கோடு போட்டது நல்லது. ஆனால் அந்த அளவுக்குள் எவ்வளவு கனத்தை அடைக்கலாம், அதைச் சீட்டிலிருந்து எவ்வளவு பின்னால் தள்ளி வைக்கலாம் என்பதை வாங்குபவருக்கு யாரும் எளிய தமிழில் சொல்வதில்லை. கனமான ஸ்பானர்களும் டியூபும் சைடு பாக்ஸின் அடியில், முன்மூலையில் போக வேண்டும். டாப் பாக்ஸ் மழைக்கோட்டுக்கும் ஜாக்கெட்டுக்கும் மட்டும். எடை ஏற்றிய அன்றே பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை இறுக்கி, டயர் காற்றையும் கையேடு சொல்லும் அளவுக்கு ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் பின்பக்கம் அமிழ்ந்து ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும். எதிரே வருபவருக்குக் கண் கூசும். இவ்வளவையும் ஒரே பக்கத்தில் படத்தோடு அச்சிட்டுப் பெட்டியோடு கொடுக்க எந்தக் கம்பெனிக்கும் பெரிய செலவு ஆகாது. லிட்டரைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் கிலோவையும் அதே அளவு எழுத்தில், பெட்டியின் மூடிமேலேயே போடட்டும்.