காணியாட்சி இல்லாத கோத்திரம்

விவிலியம் கூறும் இஸ்ரவேலின் பன்னிரு கோத்திரங்களுள் யூதாவின் பெயரையே உலகம் மிகுதியும் அறியும். தாவீது அரசன் தோன்றிய குலம் அது. யூதர் என்னும் பெயரும் அதன் வழி வந்ததே. ஆயினும், அரசாங்க ஊழியத்தின் பொருட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஊர்விட்டு ஊர் மாறி வாழும் என் நெஞ்சைக் கவர்ந்தது லேவி கோத்திரமே. தேசம் பங்கிடப்பட்டபோது தனக்கென நிலம் பெறாத கோத்திரம் அது.

லேவி, யாக்கோபுக்கும் லேயாளுக்கும் பிறந்த மூன்றாம் மகன். சிமியோன் அவனுக்கு மூத்தவன். தங்கை தீனாளுக்கு நேர்ந்த இழிவுக்குப் பழிவாங்க, இருவரும் சீகேம் நகரத்து ஆடவரை வாளுக்கு இரையாக்கினர். மரணப் படுக்கையில் இருந்த தந்தை அவர்தம் சினத்தைச் சபித்து, இருவரும் இஸ்ரவேலில் சிதறுண்டு போவர் என்றார். சாபம் ஒன்று, அது பலித்த விதமோ இரண்டு.

சிமியோனுக்கு யூதாவின் எல்லைக்குள் நிலம் கிடைத்தது. ஆனால் எண்ணாகமத்தின் முதற் கணக்கில் 59,300 ஆக இருந்த அக்கோத்திரத்துப் போர்வீரர், இரண்டாம் கணக்கில் 22,200 ஆகக் குறைந்தனர். மோசே இறுதியாக வழங்கிய ஆசியில் சிமியோனின் பெயரே இல்லை. நாளடைவில் அக்குலம் யூதாவில் கரைந்துபோயிற்று.

லேவியரோ நிலத்திற்கு மாறாக ஒரு பணியைப் பெற்றனர். கோகாத்தியர் உடன்படிக்கைப் பெட்டியையும் திருப்பொருள்களையும் தோளிலேயே சுமந்தனர். அவர்க்கு வண்டி தரப்படவில்லை. திரைகளைச் சுமந்த கெர்சோனியர்க்கு 2 வண்டிகள். பலகைகளையும் தூண்களையும் சுமந்த மெராரியர்க்கு 4. இச்சுமை 30 வயது முதல் 50 வயது வரை. அதன்பின் உடன்பிறந்தார்க்குத் துணைநின்றால் போதும். இடமாற்றமும் ஓய்வு வயதும் அறிந்த நம் போன்றோர்க்கு இப்பகுதி அலுவலக ஆணையைப் போலவே தோன்றும்! பின்னர் எல்லாக் கோத்திரங்களின் நிலத்திலுமாக 48 பட்டணங்கள் அவர்கள் குடியிருக்க ஒதுக்கப்பட்டன. அவற்றுள் 6, அறியாது கொலைசெய்தவர் தஞ்சம் புகும் அடைக்கலப் பட்டணங்கள். சிதறடிக்கப்பட்டவர் எங்கும் பரவி நின்றனர்.

அவ்வாழ்வு எளிதாக இருந்ததென்று எண்ணிவிடலாகாது. பிறர் தந்த பத்தில் ஒரு பங்கே அவர்தம் வாழ்வாதாரம். உபாகமம் இரங்கத்தக்கோரைக் கூறுமிடத்து, அந்நியர், அநாதைகள், விதவைகளோடு லேவியனையும் சேர்த்தே கூறுகிறது. நியாயாதிபதிகள் நூலில் பெத்லகேமைச் சேர்ந்த லேவிய இளைஞன் ஒருவன் பிழைக்க இடம் தேடி அலைகிறான். ஆண்டுக்கு 10 வெள்ளிக்காசும் உடையும் உணவும் பேசி, மீகா என்பவன் வீட்டில் பூசாரியாக அமர்கிறான். இதனினும் பெரிய பதவி கிடைத்ததும் மீகாவை விட்டுப் போய்விடுகிறான். நிலமற்றவன் யாவனும் உத்தமன் என்று விவிலியம் கதைகட்டவில்லை.

என் தந்தையார் மறைந்தபின் ஊரிலிருந்த சிறு வீடும் அரைக்காணி நிலமும் கைமாறின. பத்திரத்தில் கையொப்பமிட்டு நான் திரும்பிய வாரத்தில், பள்ளிப் படிவமொன்றை நீட்டி, "சொந்த ஊர் என்ற இடத்தில் என்ன எழுதட்டும், அப்பா?" என்று என் மகள் கேட்டாள். ஊரின் பெயரையே எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு, "அங்கே இனி நமக்கு என்ன இருக்கிறது?" என்றாள். விடை உடனே வரவில்லை. அந்நாள்களில்தான் லேவியரைப் பற்றி மீண்டும் மீண்டும் படிக்கலானேன்.

கி.பி. 70-இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தனர். லேவியர் பாடிய பாட்டும் காத்த வாயிலும் அன்றோடு போயின. ஆயினும் இன்றும் மரபு வழுவாத யூதர்தம் செபக்கூடங்களில் தோரா வாசிக்க முதலில் ஆரோன் வழிவந்தவரையும், இரண்டாவதாக லேவியரையும் அழைக்கின்றனர். ஆசாரியர் ஆசி கூறுமுன் அவர் கைகளுக்கு நீர் வார்ப்பவர் லேவியரே. ஆலயம் இல்லை; நீர் வார்க்கும் அச்சிறு கடமை மட்டும் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்துகொண்டே இருக்கிறது.

நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் என் மகள் இப்போது சிறுவர்க்கு அகரம் எழுதப் பழக்குகிறாள். பட்டா எதையும் அவளுக்கு நான் விட்டுச் செல்லப்போவதில்லை. அவ்வகுப்பின் கரும்பலகையைத் துடைத்து வைக்கும் வேலையை, ஓய்வு பெறும்வரை, எனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.